பதினோராம் கேள்வி

கல்முனையில் புடைவைக்கடை மாடியில்
அந்த ஏஜென்சி.
சுவரில் சவூதியின் வரைபடம்.
குவைத் மூலையில் பல்லி எச்சம்.

சபூர்தீன் நானா படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.
"டம்மாமில ஏத்தினா குவைத், இல்லாட்டி அம்மான்.
நாப்பதடி ட்ரெயிலர்.
வயசு நாப்பத்தஞ்சு தாண்டினா எடுக்க மாட்டான்.
மத்தது, பதினோராம் கேள்விய வெறுமையா விட்டுராதீங்க தம்பி,
கம்பனிக்காரன் அதத்தான் முதல்ல பார்ப்பான்."

எனக்கு நாற்பத்து நான்கு.

பதினொன்று:
எல்லை கடந்து வாகனம் ஓட்டிய அனுபவம், எத்தனை வருடம்?

சிரிப்பு வந்தது.
சுற்றிவரக் கடல்.
எந்தச் சந்தியில் எந்தப் பக்கம் கிறுகினாலும்
கடைசியில் கண்ணாடியில் உப்புப் படியும் நாடு.
இங்கே எந்த லொறிதான் எல்லை கடந்தது?

மறுகா
சிரிப்பு நின்றது.

வலையிறவுப் பாலம்.
பேரின்பத்தாரின் பச்சை லேலண்ட்,
இரண்டாம் கியர் தானாகக் கழரும்,
முழங்காலால் முட்டுக்கொடுத்துத்தான் ஓட்டவேண்டும்.
எழுவான்கரையில் ஏற்றிய எண்பது மூட்டை மாவைப்
பாலத்தடியில் இறக்கி
ஒவ்வொன்றாய்க் கம்பியால் குத்தவிட்டுத்
திரும்ப ஏற்றி
அரைக் கட்டை போய்
படுவான்கரையில் இன்னொருமுறை இறக்குவோம்.
குத்திய துளைகளால் ஒழுகிய மா
என் தலையை அப்போதே நரைக்கவைத்தது.

டோர்ச் பெட்டரி கூடாது.
யூரியா கூடாது.
சவர்க்காரம் எண்ணித்தான்.
வாவி ஒன்றுதான், அதே இறால், அதே நண்டு.
இந்தக் கரைக்கு ஒரு பாஸ்,
அந்தக் கரைக்கு ஒரு ரசீது.
பாஸ் வலப்பக்கப் பையில்,
ரசீது இடப்பக்கப் பையில்.
ஓட்டப் பழகமுன் அதைத்தான் பழகினேன்.

சாந்தரூபன் ஒருநாள் பை மாறி நீட்டிவிட்டான்.
அவனுடைய லொறி மூன்று மாதம் வீதியோரம் நின்றது,
முதலில் டயர்கள் போயின,
பிறகு கதவுகள்.
அவனைப் பற்றி நான் நானாவிடம் சொல்லவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.

ஏழு என்று எழுதினேன்.

நானா பார்த்தார்.
"எந்த நாட்டில?"
"வலையிறவில."

மின்விசிறி இரண்டு மூன்று சுற்றுச் சுற்றியிருக்கும்.
"எங்கட வாப்பா படுவான்கரைக்குச் சைக்கிள்ள சாரம் கொண்டுபோய் வித்தவர்"
என்றார்.
"தொண்ணூறோட விட்டார்.
அங்கால கடன் நிறைய நிண்டது.
ஒருத்தரும் ஏமாத்தல்ல, போகத்தான் ஏலாமப் போச்சு."

பிறகு தன் பேனாவால்
என் ஏழை வெட்டினார்.
"ஏழெண்டா நம்ப மாட்டான்.
அஞ்சு போடுவம்."

மெடிக்கலுக்கும் பதிவுக்கும் முற்பணம் எண்ணிக் கொடுத்தேன்.
சுபோதினியின் அட்டியல்
இப்போது களுவாஞ்சிக்குடி வங்கியில்
இலக்கமிட்ட ஓர் உறைக்குள் இருக்கிறது.
பாலைவனத்தில் பின்பக்கமாய் ட்ரெயிலர் எடுப்பது லேசாம்,
இடம் தாராளமாம்,
அவளுக்கு நான் சொல்லிவைத்த ஆறுதல் அது.
அவள் கேட்டது வேறு:
"போடர்ல மறிச்சா எவ்வளவு நேரம் நிப்பாட்டி வைப்பானுகள்?"
தெரியாது என்றேன்.
தெரியும்.
காகிதம் சரியாக இருந்தால் ஒரு பகல்.
சரியில்லாவிட்டால், அதைப் பார்ப்பவனின் முகத்தைப் பொறுத்தது.

ஆரையம்பதி தாண்டி
மோட்டார்சைக்கிளை இடப்பக்கம் கிறுக்கினேன்.
மண்முனையில் இப்போது ஓடம் இல்லை, பாலம்.
பிள்ளைகள் நின்று செல்பி எடுக்கிறார்கள்.
மறிக்க ஒருவருமில்லை.
ஆனாலும் பாலம் தொடங்குமிடத்தில்
கால் தானாகப் பிரேக்கில் போனது,
கை தானாகச் சட்டைப்பையில்.

வலப்பக்கம், பாஸ்போட் கொப்பி.
இடப்பக்கம், நானாவின் ரசீது.

பின்னால் வந்த ஓட்டோக்காரன் ஹோர்ன் அடித்தான்:
"அண்ணே, போறதெண்டாப் போங்க!"